காயம் எந்தப் பக்கம் இருக்கிறது?
துப்பாக்கிச் சூட்டின் வரலாறும் நம் கதைகளும்



1957 செப்டம்பர் 11 அன்று தியாகி இமானுவேல் சேகரன் பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். 54 ஆண்டுகள் கழித்து, 2011இல், அதே செப்டம்பர் 11 அன்று அவருடைய நினைவிடத்தில் அஞ்சலி செலுத்த மக்கள் கூடிய அதே ஊரில், ஐந்துமுனைச் சாலையில் காவல்துறை துப்பாக்கியால் சுட்டது. ஆறு பேர் உயிரிழந்தார்கள். அவர்களை நினைத்துத்தான் இந்த அரங்கில் கூடியிருக்கிறோம். அரசு அமைத்த விசாரணை ஆணையம் அந்தத் துப்பாக்கிச் சூடு நியாயமானதே என்று அறிக்கை தந்தது. உயிர் போனவர்களுக்கு அஞ்சலி செலுத்துகிறோம். காயத்தோடு பிழைத்தவர்களை எந்த நாளில் நினைக்கிறோம்? இன்றைய பேச்சு இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது.

1. ஒரு கதையும் ஒரு தோளும்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாதாந்திரக் கூட்டத்தில் கல்லூரி மாணவர் ஒருவர் தன் சிறுகதையை வாசித்தார். மறியலில் நிற்கும் இளைஞனைப் போலீஸ் சுடுகிறது. குண்டு தோளில் பாய்கிறது. அவன் ஓரடி பின்னால் தூக்கி எறியப்படுகிறான். நண்பன் கத்தியைத் தீயில் காட்டிக் குண்டைத் தோண்டி எடுத்து, வேட்டியைக் கிழித்துக் கட்டுப் போடுகிறான். அன்று இரவே அந்த இளைஞன் மேடையேறி, காயம்பட்ட கையை உயர்த்தி முழக்கமிடுகிறான். கதை முடிந்ததும் நாங்கள் எல்லோரும் கைதட்டினோம்.

பின்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் கைதட்டவில்லை. தென்மாவட்டத்தில் நடந்த ஒரு துப்பாக்கிச் சூட்டில் காயம்பட்டவர் அவர். மெதுவாக எழுந்து சொன்னார்:

"தம்பி, கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கும் தோள்லதான் பட்டுச்சு. பதிமூணு வருசம் ஆச்சு. இன்னும் சட்டைய நானாப் போட முடியல. வீட்டுல அவதான் மாட்டி விடணும். நீங்க அன்னைக்கு ராத்திரியே கையத் தூக்க வச்சுட்டீங்களே?"

அரங்கம் அமைதியாகிவிட்டது. அந்த மாணவர் தலைகுனிந்து, "மன்னிச்சுக்கங்க ஐயா, சினிமாவுல பாத்ததத்தான் எழுதிட்டேன்" என்றார். தவறு அவருடையது மட்டும் என்று எங்களால் சொல்ல முடியவில்லை. கைதட்டியவர்கள் நாங்கள். எங்களில் பலர் உண்மை அறியும் குழுக்களில் போனவர்கள், மருத்துவமனை வார்டுகளில் நின்றவர்கள். அப்படியிருந்தும் கதை என்று வந்தபோது சினிமாவின் உடலை நம்பினோம், நம் கண்முன் இருந்த உடலை மறந்தோம்.

நம் இலக்கியம் பசியை, மலக்குழியை, இரட்டைக் குவளையை, வெட்டரிவாளை அனுபவத்திலிருந்து எழுதியிருக்கிறது. ஆனால் துப்பாக்கி வருமிடத்தில் பெரும்பாலும் ஒரே வரியில் கடந்துபோகிறோம். "குண்டு பாய்ந்தது, சரிந்தான்." அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு மறைந்துபோகிறது என்பதைத்தான் வரலாற்றின் வழியாகப் பார்க்கப் போகிறோம்.

2. எந்த உடலுக்கு எந்தக் குண்டு?

துப்பாக்கிக் காயத்தை மருத்துவ விஷயம் என்று ஒதுக்க முடியாது. எந்த உடலில் எவ்வளவு பெரிய காயம் உண்டாக்கலாம் என்பதே ஒரு காலத்தில் அரசியல் விவாதமாக இருந்தது.

1890களில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துக்குப் புதிய .303 ரக ரைபிள் வந்தது. அதன் குண்டு மெல்லியது, வேகமானது, வெளிப்புறம் உலோக உறையிட்டது. வடமேற்கு எல்லையில் 1895இல் நடந்த சித்ரால் சண்டைக்குப் பிறகு அதிகாரிகளிடமிருந்து ஒரு புகார் எழுந்தது. இந்தக் குண்டு உடலைத் துளைத்துக்கொண்டு போய்விடுகிறது, பழங்குடி வீரர்கள் விழாமல் மேலும் ஓடிவருகிறார்கள் என்பதே அது. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் படைக்கலத் தொழிற்சாலையில் இதற்கு ஒரு தீர்வு கண்டார்கள். குண்டின் முனையிலுள்ள உறையை நீக்கி மென்மையான ஈயத்தை வெளித்தெரிய விட்டார்கள். உடலுக்குள் நுழைந்ததும் அந்த முனை விரிந்து சதையையும் எலும்பையும் சிதைத்தது. 'டம்டம் குண்டு' என்று உலகமெங்கும் அறியப்பட்டது இதுதான். நம் நாட்டு ஊர் ஒன்றின் பெயர் ஒரு கொடூரக் காயத்தின் பெயரானது இப்படித்தான்.

1899இல் ஹேக் நகரில் நடந்த மாநாட்டில் விரியும் குண்டுகளைப் போரில் தடைசெய்யும் பிரகடனம் வந்தபோது பிரிட்டனின் பிரதிநிதி அதை எதிர்த்தார். நாகரிக நாட்டுப் போர்வீரன் சாதாரணக் குண்டு பட்டாலே ஒதுங்கிவிடுவான், காட்டுமிராண்டி அப்படி ஒதுங்க மாட்டான் என்பது அவர் வாதத்தின் சாரம். அதாவது சில உடல்களுக்கு வலி உண்டு, சில உடல்களுக்கு வலி கிடையாது. பிரகடனம் நிறைவேறியது. ஆனால் அது கையெழுத்திட்ட நாடுகள் தமக்குள் நடத்தும் போருக்கு மட்டுமே பொருந்தியது. காலனிகளில் ஆளப்பட்ட மக்களின் உடல் அந்தக் கணக்கில் வரவில்லை.

இதைச் சமூகவியல் மாணவர்கள் எளிதில் அடையாளம் காண்பார்கள். 'அவர்களுக்கு உறைக்காது', 'அவர்கள் உடம்பு தாங்கும்' என்பதைச் சாதியச் சமூகம் நம்மைப் பற்றித் தலைமுறைகளாகச் சொல்லிவருகிறது. நாள் முழுக்க வெயிலில் நடவு நடும் உடம்பைப் பற்றி வரப்பில் குடைபிடித்து நின்றவன் சொன்னதும், ஹேக்கில் அந்தப் பிரதிநிதி சொன்னதும் ஒரே எண்ணத்தின் இரண்டு வடிவங்கள். எனவே, குண்டு பட்ட நாயகன் அன்று இரவே கை உயர்த்துகிறான் என்று எழுதும்போது, நாம் பெருமை என்று நினைத்து, அறியாமலேயே அந்தப் பழைய பொய்யைத் திரும்பச் சொல்கிறோம். நம் உடம்புக்கும் வலிக்கும். அதை எழுதுவதில் இழிவு எதுவும் கிடையாது.

3. ஒரு பெண் சொன்ன சாட்சியம்

1919 ஏப்ரல் 13, அமிர்தசரஸ், ஜாலியன்வாலாபாக். ஜெனரல் டயரின் ஆணையில் சுமார் பத்து நிமிடங்களில் 1,650 குண்டுகள் சுடப்பட்டன. அரசுக் கணக்கில் மட்டும் 379 பேர் இறந்தார்கள். பள்ளிப் பாடத்தில் இவ்வளவுதான் படித்தோம். சுட்டு முடித்த பின் அந்த மைதானத்தில் என்ன நடந்தது என்பதை அங்கே இரவைக் கழித்த ரத்தன் தேவி என்ற பெண் பின்னர் காங்கிரஸ் விசாரணைக் குழுவிடம் சொன்னார்.

அவர் கணவரின் உடலைத் தேடிப் போனார். கண்டெடுத்தார். ஊரடங்கு இருந்ததால் உடலை எடுத்துப் போகக் கட்டிலோ ஆளோ கிடைக்கவில்லை. நாய்கள் அண்டாமலிருக்க ஒரு மூங்கில் தடியைக் கையில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் உடலருகில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கிடந்த சுமார் 12 வயதுச் சிறுவன் போய்விட வேண்டாம் என்று அவரைக் கெஞ்சினான். குளிர்கிறதா, போர்த்தட்டுமா என்று கேட்டபோது தண்ணீர்தான் கேட்டான். அங்கே தண்ணீர் இல்லை. இரவு இரண்டு மணியளவில், சுவரில் சிக்கிக் கிடந்த ஒரு விவசாயி தன் காலைச் சற்றுத் தூக்கி வைக்கும்படி கேட்டார். ரத்தத்தில் நனைந்திருந்த துணியைப் பிடித்து அந்தக் காலைத் தூக்கி வைத்தார்.

தோழர்களே, இந்தச் சாட்சியத்தில் உவமை இல்லை, ஆவேசம் இல்லை. ஆனால் குண்டுக்காயத்தின் உண்மை முழுவதும் இருக்கிறது. சுடப்பட்ட எல்லோரும் உடனே இறப்பதில்லை. மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கிறார்கள். ரத்தம் குறையக் குறைய உடம்பு தண்ணீருக்குத் தவிக்கிறது. எலும்பு நொறுங்கிய காலைத் தானே நகர்த்த முடிவதில்லை. ஒருவர் கடைசியாகக் கேட்பது விடுதலையாக இருக்க வேண்டியதில்லை, கால் கொஞ்சம் வசதியாக இருந்தால் போதும் என்பதாகவும் இருக்கலாம்.

காயம்பட்டவர்களுக்கு ஏன் உதவி செய்யவில்லை என்று ஹண்டர் குழு கேட்டபோது, அது தன் வேலை இல்லை, மருத்துவமனைகள் திறந்திருந்தன, அவர்கள் போயிருக்கலாம் என்ற பொருளில் டயர் பதில் சொன்னார். டயரின் பதில் எங்கே பொய்யாகிறது என்றால், அந்த விவசாயியின் காலில்தான். தூக்கி வைக்கக்கூட முடியாத காலோடு எந்த மருத்துவமனைக்கு நடப்பது? ரத்தன் தேவி அந்த விவரத்தை விட்டிருந்தால் இந்தக் கேள்வியே நமக்கு எழுந்திருக்காது.

4. குண்டு பட்டால் உடம்பில் நடப்பது

இனி சில விஷயங்களை வெளிப்படையாகவே பேசிவிடுவோம். கதை எழுதுபவர்களுக்கும், உண்மை அறியும் குழுவில் போகும் மாணவர்களுக்கும் இவை தேவை.

முதலாவது, குண்டு பட்டவர் பின்னால் பறப்பதில்லை. சுடுபவரின் தோளில் ரைபிள் எவ்வளவு உதைக்கிறதோ ஏறக்குறைய அவ்வளவு தள்ளுதல்தான் படுபவருக்கும் கிடைக்கும். சுட்டவர் பறக்காதபோது பட்டவரும் பறக்க மாட்டார். மூளையிலோ கழுத்துத் தண்டுவடத்திலோ பட்டால் அந்த நொடியே சரியலாம். மற்ற இடங்களில் பட்டால் ஓடிக்கொண்டே இருக்கலாம். இதயமே சிதைந்தாலும் மூளையில் மீதமிருக்கும் ஆக்சிஜனில் பத்துப் பதினைந்து நொடிகள் நினைவோடு இயங்க முடியும். 'யாரோ கம்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு', 'கல்லு பட்டுச்சுன்னு நெனச்சேன்' என்று சொன்னவர்களை நாங்கள் சந்தித்திருக்கிறோம். சட்டை நனைந்த பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டாவது, சத்தம். 'வெடிச்சத்தம் கேட்டுத் திரும்பினான், குண்டு நெஞ்சில் பாய்ந்தது' என்று எழுதுகிறோம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். காவல்துறை பயன்படுத்திய எஸ்.எல்.ஆர். ரைபிளின் குண்டு நொடிக்கு 800 மீட்டருக்கும் மேல் போகும். தொலைவிலிருந்து சுடப்பட்டவருக்கு முதலில் வருவது குண்டு, பிறகுதான் சத்தம். தன்னைத் துளைத்த குண்டின் சத்தத்தை அவர் கேட்காமலேயே போகலாம்.

மூன்றாவது, 'தோளில்தானே', 'காலில்தானே' என்ற பேச்சு. தோளுக்குள் கைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயும் நரம்புக் கற்றையும் இருக்கின்றன. நரம்பு அறுந்தால் கை தொங்கிப்போகும், அல்லது வருடக்கணக்கில் தீயாய் எரியும். தொடையில் ஓடும் பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். 'தப்பியோட முயன்றவரைக் காலில் சுட்டுப் பிடித்தனர்' என்று நாளிதழ்களில் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறோம். காலில் சுடுவது கருணை என்ற எண்ணம் அப்படித்தான் நம் தலைக்குள் ஏறியது.

நான்காவது, ரத்தம். வளர்ந்தவர் உடலில் சுமார் ஐந்து லிட்டர் ரத்தம் இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு போனாலே தோல் சில்லிடும், நாடி துடிக்கும், பதற்றமும் குழப்பமும் வரும். 'போதையில் உளறினான்' என்று காவலர்கள் சொல்லும் சில உளறல்கள் ரத்தம் இழந்தவரின் உளறல்களாக இருக்கலாம். வயிற்றிலோ நெஞ்சிலோ பட்டால் ரத்தம் உள்ளேயே தேங்கும். வெளியே சிறு துளை மட்டும் தெரியும். 'சின்னக் காயந்தான்' என்று வரிசையில் கடைசியாக உட்கார வைக்கப்பட்டு இறந்துபோவது இப்படித்தான் நிகழ்கிறது.

ஐந்தாவது, குண்டைத் தோண்டி எடுப்பது. சினிமாவில் குண்டை எடுத்துத் தட்டில் 'டங்' என்று போட்டதும் நாயகன் பிழைத்துவிடுகிறான். உண்மையில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் ரத்தப்போக்கும் பிறகு வரும் சீழும்தான். உள்ளே தங்கிய குண்டை எடுப்பது அதிக ஆபத்து என்றால் மருத்துவர்கள் அப்படியே விட்டுவிடுவார்கள். அழுக்குக் கத்தியால் தோண்டுவது, அடைபட்டிருக்கும் ரத்தக்குழாயைத் திறந்துவிடும் வேலை. செய்ய வேண்டியது, ரத்தம் வரும் இடத்தைத் துணியால் விடாமல் அழுத்திப் பிடிப்பதும் வேகமாக மருத்துவமனைக்குக் கொண்டுபோவதும்தான்.

கடைசியாக, வேட்டைத் துப்பாக்கி போன்றவற்றிலிருந்து ஒரே வெடியில் பல சிறு ஈயக் குண்டுகள் வெளிவரும். தூரம் கூடக்கூட அவை பரவிக்கொண்டே போகும். உடம்பில் புள்ளிகள் எவ்வளவு அகலத்தில் இருக்கின்றன என்பதே சுட்டவர் எவ்வளவு தூரத்தில் நின்றார் என்பதைச் சொல்லும். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள் என்பது நமக்கெல்லாம் தெரியும். அந்தக் குடிசைக்குள் ஏன் ஒதுங்கினார்கள் என்பதைப் பலர் மறந்துவிட்டோம். வந்தவர்கள் துப்பாக்கியோடு வந்தார்கள். சுட்டார்கள். ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். ஓட முடியாத பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும்தான் குடிசைக்குள் போனார்கள். தீ நம் நினைவில் நின்றுவிட்டது. அவர்களைத் தீக்குள் விரட்டிய துப்பாக்கி நினைவிலிருந்து நழுவிவிட்டது. கார் வைத்திருக்கும் மிராசுதார்கள் நடந்துபோய்க் குடிசைக்குத் தீவைப்பார்களா என்ற பொருளில் சந்தேகப்பட்டு உயர் நீதிமன்றம் 1973இல் அவர்களை விடுவித்தது. பணக்காரரின் கௌரவத்தை ஆதாரமாகக் கொண்ட நீதிமன்றத்தில் காயம்பட்டவர்களின் உடம்பு போதிய ஆதாரமாகவில்லை.

5. காயம் பேசும் பக்கம்

கூட்டத்தைக் கலைக்கச் சுட நேர்ந்தால் முன்னெச்சரிக்கை செய்ய வேண்டும், குறைந்தபட்ச பலத்தையே பயன்படுத்த வேண்டும், தாழ்வாகக் குறிவைக்க வேண்டும் என்பவை காவல்துறை தனக்கே விதித்துக்கொண்ட நெறிகள். ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் வரும் அறிக்கையும் ஒன்றுதான்: கும்பல் தாக்க வந்தது, தற்காப்புக்காகச் சுட்டோம். அப்படியானால் காயம் இடுப்புக்குக் கீழே, உடலின் முன்பக்கம் இருக்க வேண்டும்.

1997 ஜூலை 11 அன்று மும்பை காட்கோபரில் ரமாபாய் நகர் குடியிருப்பில் அண்ணல் அம்பேத்கரின் சிலைக்குச் செருப்பு மாலை போடப்பட்டிருந்ததைக் கண்டு மக்கள் சாலையில் திரண்டார்கள். மாநில ரிசர்வ் போலீஸ் சுட்டதில் பத்துப் பேர் இறந்தார்கள். எரிவாயு டேங்கர் லாரிகளுக்குத் தீவைக்க வந்தார்கள் என்பது காவல்துறை சொன்ன காரணம். ஆனால் சுடப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குக் காயம் இடுப்புக்கு மேலே இருந்தது. பின்னர் விசாரித்த குண்டேவார் ஆணையம் அந்தச் சூட்டுக்கு நியாயம் காணவில்லை. சுட ஆணையிட்ட அதிகாரியைப் பொறுப்பாக்கியது.

2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் 100ஆம் நாள். அன்றும் மறுநாளும் நடந்த சூட்டில் 13 பேர் இறந்தார்கள். மீனவர், தலித்துகள், வெவ்வேறு சாதி, வெவ்வேறு மதம் என்று பலரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். 17 வயது மாணவி ஒருவருக்குக் குண்டு பின்தலையில் நுழைந்து வாய் வழியாக வெளியேறியிருந்தது. நுழைந்த துளை பொதுவாகச் சிறியதாக, ஓரத்தில் தோல் உரசிய வளையத்தோடு இருக்கும். வெளியேறிய துளை பெரும்பாலும் பெரியதாக, ஒழுங்கற்றுக் கிழிந்திருக்கும். இதைப் பார்த்து எழுதுவது பிரேதப் பரிசோதனை மருத்துவரின் வழக்கமான வேலை. அந்த வழக்கமான குறிப்புதான் 'தாக்க வந்தார்கள்' என்ற கதையைக் கேள்விக்குள்ளாக்கியது. உடல்களைப் பாதுகாத்து வைக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம், கலைந்து ஓடியவர்கள் மீது மறைவிடங்களிலிருந்து சுடப்பட்டது என்று தன் அறிக்கையில் பதிவுசெய்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. முதுகில் ஒரு காயம் இருந்தால் மட்டுமே எல்லாம் நிரூபணமாகிவிடாது. துப்பாக்கியை நீட்டுவதைப் பார்த்த நொடியில் ஒருவர் திரும்பியிருக்கலாம். ஆனால் ஒருவர் பின் ஒருவராகப் பலருக்கும் காயம் பின்பக்கமே இருந்தால், இடுப்புக்கு மேலேயே இருந்தால், அந்த வாதம் நிற்காது. தோல் கருகியிருக்கிறதா, வெடிமருந்துத் துகள் குத்தியிருக்கிறதா என்பதும் அப்படியே. மிக அருகில் வைத்துச் சுட்டால்தான் அந்தத் தடயம் தோலில் பதியும். தூரத்துச் சண்டையில் இறந்தார் என்று சொல்லப்படும் உடலில் அது இருந்தால் கேள்வி கேட்கலாம். அதைக் கேட்க, முதலில் காயத்தைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது நம் கதைக்கு வருவோம். 'குண்டு பாய்ந்தது, சரிந்தான்.' எந்தப் பக்கம் பாய்ந்தது? அவன் எந்தப் பக்கம் பார்த்து நின்றான்? எவ்வளவு தூரம்? நாம் இவற்றை எழுதாமல் விட்டால், நம் கதையும் முதல் தகவல் அறிக்கையும் ஒன்றுபோலவே இருக்கும். அதிலும் இப்படித்தான் எழுதியிருக்கும்: குண்டு பட்டுக் கீழே விழுந்தார்.

6. மருத்துவமனைக்குப் பிறகு

கதைகள் பெரும்பாலும் மரணத்தோடு முடிந்துவிடுகின்றன. காயம்பட்டவரின் வாழ்க்கை அங்கேதான் தொடங்குகிறது.

முதல் பயம் மருத்துவமனைக்குப் போவதே. குண்டுக்காயம் என்றால் காவல்துறைக்குத் தகவல் போகும். கலவர வழக்கில் பெயர் சேரும். வார்டு வாசலில் காவலர் உட்கார்ந்திருப்பார். அதனால் வீட்டிலேயே மஞ்சள் வைத்துக் கட்டி, சீழ் பிடித்த பிறகு போனவர்களை எங்களுக்குத் தெரியும். சுடப்பட்டவரே குற்றவாளியாக ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்துக்கு நடக்கும் அவலத்தை நம் எழுத்தாளர்கள் இன்னும் போதுமான அளவு எழுதவில்லை.

பிறகு எலும்புக்கு வெளியே கம்பி பூட்டிய மாதங்கள். குடல் சிதைந்திருந்தால் வயிற்றில் துளையிட்டு மலம் வெளியேறப் பை பொருத்துவார்கள். அந்தப் பையோடு பேருந்தில் ஏறும்போது பக்கத்தில் இருப்பவர் மூக்கைப் பொத்துவார். சாதியால் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டவருக்கு அந்த மூக்கைப் பொத்தும் கை என்ன சொல்லும் என்பதை நாம் எழுதாமல் யார் எழுதுவது? கால் நரம்பு போனால் பாதம் தொங்கும். செருப்பு நழுவிக்கொண்டே இருக்கும். சித்தாள் வேலை, மூட்டை தூக்கும் வேலை, நடவு வேலை எதுவும் முடியாது. நம் மக்களுக்கு உடம்புதான் சொத்து. அந்தச் சொத்தின் ஒரு பகுதியை அரசு ஒரு நொடியில் பறித்துவிட்டு, மிச்சத்துக்கு ஊனச் சான்றிதழ் வாங்க அலைய வைக்கிறது. வீட்டில் மனைவி கூலிக்கும் போக வேண்டும், கணவருக்குச் சட்டையும் மாட்ட வேண்டும். மகள் படிப்பை நிறுத்துகிறாள். அந்தக் குண்டு அவளையும் தொட்டுவிட்டது என்பது எந்தப் பட்டியலிலும் வராது.

இரவுகளும் இருக்கின்றன. தீபாவளி வெடிக்குக் கட்டிலுக்கு அடியில் ஒடுங்குபவரை, காக்கிச் சட்டையைக் கண்டதும் வேர்த்துப்போகிறவரை நம் தெருவில் சிலர் கேலி செய்வதும் உண்டு. அந்தக் கேலிக்கும் நம் வீரக் கதைகளுக்கும் உறவு இருக்கிறது. காயத்தை ஒரே இரவில் கடந்த நாயகனைப் பார்த்துப் பழகிய கண், பதிமூன்று ஆண்டுகளாகக் கடக்க முடியாதவரைக் கோழையாகப் பார்க்கிறது.

7. எப்படி எழுதுவது?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். 'நம் உடல்கள் போதுமான அளவு வேடிக்கைப் பொருளாகிவிட்டன. சிதைந்த உடல்களைப் புகைப்படமாக, காணொளியாகப் பரப்பிக்கொண்டே இருக்கிறார்கள். கதையிலும் ரத்தம் கொட்ட வேண்டுமா?' பெண் தோழர்கள் எங்களிடம் பலமுறை கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். ரத்தத்தை அள்ளித் தெளிப்பதும் ரத்தத்தை மறைப்பதும் ஒருவகையில் ஒன்றே. இரண்டிலும் அந்த மனிதர் காணாமல் போகிறார்.

ரத்தன் தேவியின் சாட்சியத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். எத்தனை துளை, எவ்வளவு சதை என்று அவர் அளக்கவில்லை. தண்ணீர் கேட்ட குரலையும் தூக்கி வைத்த காலையும் சொன்னார். காயத்தின் உண்மை அந்த மனிதருக்கு என்ன முடியாமல் போனது, என்ன தேவைப்பட்டது என்பதில் இருக்கிறது. அந்தப் பெரியவரின் தோளைப் பற்றி எழுத மருத்துவப் புத்தகம் முழுவதும் வேண்டாம். சட்டைக் கைக்குள் நுழையாத ஒரு கையும், அதை மாட்டிவிடும் இன்னொரு கையும் போதும். ஆனால் அந்த ஒரு விவரம் சரியாக இருக்க வேண்டும். ஒரு விவரம் பொய்யானால் வாசகர் மற்றதையும் சந்தேகிப்பார். நம் சாட்சிகளை நம்ப மறுக்கக் காரணம் தேடும் ஒரு நாட்டில், அந்தக் காரணத்தை நாமே எழுதிக் கொடுக்கக் கூடாது.

ஆகவே மாணவ நண்பர்களிடம் எங்கள் வேண்டுகோள் இது. உங்கள் ஊரில், பக்கத்து ஊரில், துப்பாக்கிச் சூட்டில் காயம்பட்டுப் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். போய் உட்காருங்கள். அவர்கள் சம்மதித்தால் கேளுங்கள்: எங்கே நின்றீர்கள், எந்தப் பக்கம் பார்த்து நின்றீர்கள், முதலில் என்ன உணர்ந்தீர்கள், யார் தூக்கினார்கள், தண்ணீர் யார் கொடுத்தார்கள், இன்றைக்கு எதைச் செய்ய முடியவில்லை. தழும்பைக் காட்டச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். பெயர் வேண்டாம் என்றால் எழுதாதீர்கள். கேட்டதை அவர்களுக்கே திரும்ப வாசித்துக் காட்டுங்கள். கதை எழுதுபவர்கள் அங்கிருந்து எழுதட்டும். வழக்கு நடத்துபவர்கள் அங்கிருந்து கேட்கட்டும்.

அந்த மாணவர் தன் கதையைத் திருத்தி எழுதினார். எழுதுவதற்கு முன் நான்கு முறை அந்தப் பெரியவரின் வீட்டுக்குப் போனார். புதிய கதையில் மேடை இல்லை, முழக்கம் இல்லை. ஒரு விடியற்காலையில் ஒருவர் ஒற்றைக் கையால் சட்டையை மாட்டப் பார்க்கிறார். மனைவி தூங்கட்டும் என்று நினைக்கிறார். முடியவில்லை. கடைசியில் மெல்ல அவளைக் கூப்பிடுகிறார். அன்று வழக்கு வாய்தா.

கூட்டத்தில் அதை வாசித்தபோது பெரியவர் இந்த முறையும் கைதட்டவில்லை. அவரால் இரண்டு கைகளையும் சேர்க்க முடியாது என்பது அப்போதுதான் எங்களில் பலருக்கு உறைத்தது. "இது சரியா இருக்கு தம்பி" என்று மட்டும் சொன்னார்.

பரமக்குடியில் வீழ்ந்தவர்களுக்கு வீரவணக்கம். காயத்தோடு வாழ்பவர்களுக்கு எங்கள் வணக்கமும் கடமையும்.

ஜெய்பீம்.